ஒன்பதாம் எண் மூடி

அமெரிக்காவின் மேரிலாந்துக் கரையில் தன்னைப் போல நண்டு உடைக்கிற கை இன்னொன்று இல்லை என்று ஒதிலியா சொல்லுவாள். யாராவது முகத்தைச் சுளித்தால், "எடை போட்டுப் பாரு" என்பாள். எடை போட்டுப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு வாயைத் திறந்ததில்லை.

அவள் ஊர் மெக்சிகோவில், சான் லூயிஸ் பொத்தோசி மலைப்பக்கம். ஏப்ரல் பிறந்தால் பெட்டியைக் கட்டிவிடுவாள். மோந்தெர்ரே நகரத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பத்து விரல் ரேகையையும் வைப்பாள். எல்லைப் பாலத்தில் மறுபடியும் பத்து விரலையும் வைப்பாள். "என் புருஷன் பிடிச்சதைவிட இந்த அதிகாரிங்கதான் என் கையை அதிகமாப் பிடிச்சிருக்காங்க" என்று வரிசையில் நிற்கிறவர்களைச் சிரிக்க வைப்பாள். பிறகு மூன்று நாள் பஸ். இறங்குகிற இடம் ஒரு தீவு. அங்கே வெண்டல் ருவார்க் என்பவரின் நண்டுக்கூடம். நவம்பரில் குளிர்க்காற்று வந்து நண்டெல்லாம் சேற்றுக்குள் போனதும், வந்த வழியே திரும்பிவிடுவாள். இப்படி இருபத்தொரு பருவம். ஒரு தடவைகூட ஒரு நாள் பிந்திப் போனதில்லை, ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதுமில்லை.

வேலை கேட்பதற்குச் சுலபம். அவித்த நண்டை மண்வெட்டியால் அள்ளி நீளமான எஃகு மேசையில் கொட்டுவார்கள். குட்டிக் கத்தியால் ஓட்டைத் திறந்து, கால்களைச் சீவி, முதுகோரத்தில் இருக்கும் கட்டிச் சதையை உடையாமல் எடுத்து, ஒரு பவுண்டு டப்பாவில் அடுக்க வேண்டும். உடைந்தால் விலை பாதி. ஓட்டுத் துண்டு ஒன்று கிடந்தால் டப்பாவே திரும்பி வரும். யார் டப்பா என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை டப்பா மூடியில் குத்தியிருப்பார்கள். ஒதிலியாவின் எண் ஒன்பது. பால்டிமோர் ஓட்டல்காரர்கள் பெட்டியைத் திறந்ததும் முதலில் ஒன்பதைத்தான் தேடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது வெண்டலுக்கும் தெரியும்.

அந்த எண் அவளுக்கு வந்த கதையை அவள் ஊரில் கேட்காத ஆள் கிடையாது.

முதல் பருவத்தில் அந்த மேசைக்கு இரண்டு பக்கம் இருந்தது. சன்னல் பக்கம் உள்ளூர்க் கறுப்பினப் பெண்கள். அம்மா, அம்மாவின் அம்மா என்று மூன்று தலைமுறையாக அங்கே உட்கார்ந்தவர்கள். கத்திக்குத் தாளம் சேர்கிற மாதிரி சர்ச் பாட்டுப் பாடிக்கொண்டே உடைப்பார்கள். சுவர்ப் பக்கம் மெக்சிகோவிலிருந்து புதிதாக வந்த பதினாறு பேர். இவர்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பாஷை இவர்களுக்குத் தெரியாது. ஒதிலியாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தவள் வெர்னா. எல்லாரும் 'மிஸ் வெர்னா' என்பார்கள். ஆறடி உயரம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. மூடியில் எண் ஒன்பது.

மதிய எடை முடிந்ததும் வெர்னா மேசைக்கு மேல் கையைத் தூக்கி விரலைக் காட்டுவாள். பத்து, இன்னொரு பத்து, ஒன்று. இருபத்தொரு பவுண்டு. நீ எவ்வளவு என்று தாடையை ஆட்டிக் கேட்பாள். ஒதிலியா முதல் நாள் ஏழு விரலைக் காட்டினாள். சன்னல் பக்கம் முழுவதும் சிரித்தது. வெர்னா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஏழு பதினொன்றானது, பதினொன்று பதினாறானது. இரண்டு பருவம் அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான், விரல் பேச்சு.

சன்னல் பக்கத்துப் பெண்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. யாராவது அசத்திவிட்டால் கத்திப்பிடியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அவர்களுக்குள்தான் தட்டுவார்கள். சுவர்ப் பக்கத்துக்கு யாரும் தட்டியதில்லை.

இரண்டாவது பருவத்தின் கடைசி நாள் வெர்னா இருபத்திரண்டு காட்டினாள். ஒதிலியா இருபத்துமூன்று காட்டினாள். வெர்னா அவளையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கத்தியைத் திருப்பிப் பிடித்து மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

அடுத்த ஏப்ரலில் வெர்னாவின் முக்காலி காலியாக இருந்தது. வெண்டல் ஒன்பதாம் எண் மூடிகளைக் கட்டாக எடுத்து ஒதிலியாவின் முன்னால் வைத்தார். தோற்றவள் மானம் தாங்காமல் போய்விட்டாள் என்று ஒதிலியா எடுத்துக்கொண்டாள். பாவம் என்று நினைத்தாள். அதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள்.

ஊரில் அவள் புருஷன் நபோர் அந்தக் கதையை விருந்தாளி வரும்போதெல்லாம் அவிழ்ப்பான். "எம் பொண்டாட்டி போன மறுவருஷமே அங்க இருந்த ராணியை எழுப்பி விட்டுட்டா" என்று தொடங்குவான். ஒரு பவுண்டு வித்தியாசம் அவன் வாயில் வருஷத்துக்கு ஒரு பவுண்டாக ஏறிக்கொண்டே போனது. ஒதிலியா ஒருநாளும் திருத்தியதில்லை.

சன்னல் பக்கத்துப் பெண்கள் அதன்பிறகு ஒருவர் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் மேசைக்கு இரண்டு பக்கமும் மெக்சிகோப் பெண்களே ஆனார்கள். சர்ச் பாட்டு போய், யாருடைய செல்போனிலிருந்தோ அக்கார்டியன் பாட்டு வந்தது. ஏன் போனார்கள் என்று ஒதிலியா யாரையும் கேட்கவில்லை. கேட்க பாஷையும் இல்லை, அவசியம் இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

இருபத்தோராவது பருவத்தில்தான் வினை வந்தது. அரசாங்கம் இந்தத் தற்காலிகப் பணி விசாக்களைக் குலுக்கல் முறையில் கொடுக்கத் தொடங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. குலுக்கலில் பேர் விழாத கூடங்களில் ஈ ஓட்டினார்கள். திரும்பத் திரும்ப வந்து போகிறவர்களை, வருஷத்துக்கு இத்தனை விசாதான் என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு மசோதா வந்தது. முதலில் எல்லையை அடை, மற்றதெல்லாம் பிறகு என்று இன்னொரு கூட்டம் கத்தியது. இரண்டு தரப்பையும் நேரில் கேட்க வாஷிங்டனிலிருந்து மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் வருவதாகவும், தீயணைப்பு நிலையக் கூடத்தில் விசாரணை நடக்கும் என்றும் செப்டம்பரில் தாக்கல் வந்தது.

வெண்டல் ருவார்க் கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். பெண்கள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார். இருபது வருஷத்தில் அடுப்படி அளவுக்கு ஸ்பானிஷ் பழகியிருந்தார். அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒதிலியாவிடம் வந்தார். அவர் அவளை 'ஓட்டி' என்று சுருக்கிக் கூப்பிடுவார், அவள் அவரை மரியாதையாக 'தோன்' போட்டுக் கூப்பிடுவாள்.

"ஓட்டி, விசாரணையில நீ பேசணும். எல்லாத்தையும் எழுதி வெச்சிட்டேன். வாசிச்சாப் போதும்."

"நானா? பெரிய மனுஷங்க முன்னாடியா, தோன் வெண்டல்?"

"நீதான் இங்க பெரிய மனுஷி." சிரித்தார். பிறகு கதவு வரை போய்த் திரும்பி, "பிப்ரவரியில பட்டியல் போடும்போது உன் பேரு முதல்ல இருக்கும்" என்றார்.

பரிசு கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லாமல் விட்ட மறுபாதியும் ஒதிலியாவுக்குக் கேட்டது. விசா கொடுப்பது அரசாங்கம். ஆனால் யாருக்குக் கேட்பது என்ற பட்டியல் வெண்டலின் மேசை இழுப்பறையில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும். பட்டியலில் பேர் இல்லை என்றால் கை எவ்வளவு வேகமாக இருந்து என்ன? அவள் இளைய மகள் நர்சு படிப்பில் சேர்ந்திருந்தாள், இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. வீட்டில் எரிகிற விளக்கெல்லாம் அந்த மேசையிலிருந்து வந்ததுதான்.

அன்று சாயங்காலம், பெண்கள் தங்கும் வீட்டில், பக்கத்துக் கட்டில்காரி சாயோ தாளைப் பிடுங்கிச் சத்தமாக வாசித்தாள். சாயோவுக்கு முப்பது வயது. ஒதிலியாவை அக்கா என்பாள், பயப்படவும் மாட்டாள்.

"'இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் முன்வருவதில்லை. நாங்கள் வராவிட்டால் இந்தக் கூடம் மூடப்படும்.' நல்லாத்தானே இருக்கு அக்கா? கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சிட்டு வாங்க."

"ஒப்பிக்கிறதுக்கு நான் எதுக்கு? கிளியையே கூட்டிட்டுப் போகட்டும்."

"கிளிக்கு விசா கிடைக்காதே."

ஒதிலியாவும் சிரித்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசித்துவிடுவது என்றுதான் அன்றைக்கு முடிவு செய்திருந்தாள்.

தீயணைப்பு வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. மேடையில் மூன்று உறுப்பினர்கள். ஓர் அம்மாள், ஒரு வழுக்கை, ஓர் இளைஞர். ஒதிலியாவின் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். யார் பேசினாலும் அவள் காதோரம் ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில் எல்லைக் காவலில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பேசினார். வேலி ஓட்டையாக இருக்கிறவரை எந்தச் சட்டமும் ஓட்டைப் பானையில் ஊற்றுகிற தண்ணீர்தான் என்றார். கைதட்டினார்கள். அடுத்தவர் வீட்டுக்குச் சாயம் அடிக்கிற மேஸ்திரி. தாளில்லாமல் வந்த ஆட்களை வைத்துப் பாதிக் கூலியில் வேலை பிடிக்கிறவனோடு தன்னால் போட்டி போட முடியவில்லை என்றார். அதற்கும் கைதட்டினார்கள். வெண்டல் பேசினார். உள்ளூரில் விளம்பரம் கொடுத்தேன், மூன்று பேர் வந்தார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்றார். அதற்கும் அதே ஆட்கள் கைதட்டினார்கள். இந்த ஊரில் எல்லார் பேச்சும் நியாயமாகத்தான் இருக்கும், அவரவர் பேசி முடிக்கிறவரைக்கும்.

நான்காவதாகக் கூப்பிட்ட பேர் வெர்னா.

ஊதா நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, முன்வரிசையிலிருந்து எழுந்தாள். அறுபத்தெட்டு வயது இருக்கும். முதுகு மட்டும் வளையவில்லை. ஒதிலியா இந்தப் பதினெட்டு வருஷத்தில் மளிகைக் கடையில் தூரத்திலிருந்து இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். தலையசைத்ததோடு சரி. இப்போது ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு வெர்னா பேசினாள்.

"இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் வரமாட்டாங்கன்னு இங்க சொல்லிட்டாங்க. அப்போ நான் யாரு? எங்கம்மா யாரு? எங்கம்மாவைப் பெத்தவ யாரு? அந்த மேசையில முப்பத்தோரு வருஷம் உக்காந்தேன். பத்து வருஷமா பவுண்டுக்கு ஒரே கூலி. இருபத்தஞ்சு காசு ஏத்திக் குடுன்னு கேட்டேன். 'கேக்காத பொம்பளைங்க எங்கிட்ட இருக்காங்க, வெர்னா'ன்னு வெண்டல் சொன்னாரு. இதோ உக்காந்திருக்காரு, இல்லைன்னு சொல்லட்டும்."

வெண்டல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க வேலையை விட்டு ஓடலை. எங்களை விலை குறைச்சு வெளியில தள்ளினாங்க. அந்தப் பொம்பளைங்க மேல எனக்குக் கோவம் இல்லை." தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "பொய் சொல்லக்கூடாது. கோவம் இருந்துச்சு. ரொம்ப வருஷம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

மொழிபெயர்ப்புப் பெண் முணுமுணுத்து முடித்ததும் ஒதிலியாவுக்குக் காது சுட்டது. பதினெட்டு வருஷமாக ஊரெல்லாம் அவிழ்த்த கதை. ராணியை எழுப்பி விட்டவள்! எழுப்பி விட்டது அவள் கை வேகம் இல்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்ததுதான். அந்த இரண்டு தட்டுக்கு அர்த்தம் தோல்வி இல்லை என்பதும் இப்போது புரிந்தது. போகிற நேரத்தில் ஒருத்தி இன்னொருத்திக்குக் கொடுத்த மரியாதை அது. அதை வாங்கிக்கொண்டு அவள் என்ன செய்தாள்? புருஷன் வாயில் கொடுத்துப் பவுண்டு பவுண்டாக ஏற்றிவிட்டாள். வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு அதுவரை வந்ததே இல்லை.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். தாளோடு போனாள். தாளைப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள். முன்வரிசையில் ஊதாத் தொப்பி தெரிந்தது.

ஒதிலியா தாளை மடித்தாள்.

"இதுல எழுதியிருக்கிற முதல் வரி பொய்" என்றாள். மொழிபெயர்ப்புப் பெண் ஒரு கணம் தடுமாறிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எனக்கு முன்னாடி பேசினாங்களே, அவங்களை ஜெயிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவும் ஒரே ஒரு பவுண்டுல. இந்த வேலைக்கு இந்த ஊர்ல ஆள் இல்லைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நான் இருபத்தொரு தடவை உங்க வாசல் வழியா வந்திருக்கேன். பத்து விரலையும் வெச்சிட்டு வந்தேன், பத்து விரலையும் எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போனேன். வேலி ஏறி வர்றவங்களுக்கு என்ன செய்யறதுன்னு நீங்க பேசுங்க, அது உங்க வீடு. வாசல் வழியா வர்ற என்னைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். என் விசாவுல என் பேரு இருக்கு. பக்கத்துல முதலாளி பேரும் இருக்கு. காலையில அவரோட சண்டை போட்டா, சாயங்காலம் நான் இந்த நாட்டுல இருக்கக்கூடாது. அதனால நான் சண்டை போடறதில்லை. 'கேக்காத பொம்பளைங்க'ன்னு அவர் சொன்னது நிசம். நாங்க கேக்காததுக்குக் காரணம் எங்க குணம் இல்லீங்க. அந்தத் தாளு. அதுல இருந்து அவர் பேரை எடுங்க. அப்புறம் மிஸ் வெர்னாவுக்கும் எனக்கும் ஒரே கூலி குடுங்க. யாரு உக்காருவா, யாரு ஓடுவான்னு அப்போ பாத்துக்கலாம்."

வழுக்கைத்தலை உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா உங்களுக்கு இங்கேயே நிரந்தரமாத் தங்கணும், அதானே?"

"எதுக்கு? ஊர்ல எனக்கு நாப்பது ஆடு இருக்கு, ஒரு புருஷன் இருக்கான். ஏழு மாசத்துக்கு மேல விட்டா ரெண்டும் வேலி தாண்டும்."

எல்லைக் காவல்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. வெண்டல் சிரிக்கவில்லை. ஒதிலியா தன் இடத்துக்குத் திரும்பும்போது வெர்னாவைக் கடந்து போனாள். வெர்னா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

திரும்பும்போது வண்டியை வெண்டல்தான் ஓட்டினார். தீவுப் பாலம் தாண்டியதும் வானொலியைப் போட்டார்.

"நாக்கை வீட்லயே கழட்டி வெச்சிட்டுப் போயிருக்கலாம்ல அக்கா?" என்று தங்கும் வீட்டில் சாயோ தலையில் அடித்துக்கொண்டாள். "நர்சுப் புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

"உங்கம்மா ஒரு நாள் உண்மை பேசினான்னு சொல்லுவேன். அது சும்மா வருமா? விலை இருக்கும்."

நவம்பர் வரை ஒன்பதாம் எண் டப்பாவில் ஓர் ஓட்டுத் துண்டு இல்லை. பிப்ரவரியில் பட்டியல் வந்தது. சாயோதான் செல்போனில் கூப்பிட்டாள். குரல் உள்ளே போயிருந்தது.

"அக்கா, உங்க பேரு இல்லை."

"ம்."

"உங்க நம்பரை அந்த வெண்டல் எனக்குக் குடுத்திருக்கான். எனக்கு வேண்டாம்னு சொல்லவா?"

"சொன்னா உன் பேரும் போகும். போ. கட்டிச் சதையை அவசரப்பட்டு எடுக்காதே, கட்டை விரலை மடக்கிப் பிடி."

போனை வைத்துவிட்டு ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் அழுதாள். அழவில்லை என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். நபோர் சோள அடை சுட்டு, அந்த ஊரில் தின்கிற சப்பாத்திக்கள்ளி மடலை வதக்கிக் கொண்டுவந்து வைத்தான். அவளைவிட அவன் நன்றாகச் சமைப்பான். "ராணியை எழுப்பி விட்டவளை எவன் எழுப்பி விட்டது?" என்று தேற்றுவதாக நினைத்துச் சொல்லிவிட்டான். அன்றைக்குத்தான் அவள் அந்தக் கதையின் சரியான வடிவத்தை அவனுக்குச் சொன்னாள். நபோர் வெகுநேரம் தட்டில் அடையைத் திருப்பிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை.

நான்கு ஆட்டை விற்று மகளின் அரைவருஷத்தை ஓட்டினார்கள். மசோதா என்ன ஆனது? குழுவிலேயே படுத்துத் தூங்கிவிட்டது. பெரிய மனிதர்கள் மூன்று பேரும் நல்ல நண்டு சாப்பிட்டுப் போனதோடு சரி.

ஜூலையில் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் ஒதிலியா கையைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். இருபத்தொரு பருவத்தில் வெண்டல் தானாக அவளைக் கூப்பிட்டதே இல்லை.

"ஓட்டி, எப்படி இருக்கே? ஆடு? புருஷன்?"

"ரெண்டும் வேலிக்குள்ளதான் இருக்கு, தோன் வெண்டல். விஷயத்தைச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். குலுக்கலில் கேட்டதில் பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். மேசையில் பாதி முக்காலி காலி. பால்டிமோரிலிருந்து ஒன்பதாம் எண் டப்பாக்கள் மூன்று தடவை திரும்பி வந்துவிட்டன. சாயோ அழுகிறாள். இப்போது அரசாங்கம் இன்னொரு கொத்து விசா விட்டிருக்கிறது.

"நீ வரணும். உன்னை மாதிரி செய்ய வேற ஆள் யாரும் இல்லை."

"பழைய தாளையே வாசிக்கிறீங்களே? ஆள் இருக்காங்க. மிஸ் வெர்னா வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். போய்க் கேட்டீங்களா?"

மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"போனேன்" என்றார் வெண்டல். "கதவை மூஞ்சியில சாத்தினா. மறுநாளும் போனேன். ரெண்டு விஷயம் சொன்னா."

"என்ன?"

"அன்னைக்குக் கேட்ட இருபத்தஞ்சு காசு. இன்னைக்கு அதுக்கு ஒரு டாலர் ஆகுதாம். மேசையில இருக்கிற எல்லாருக்கும். சரின்னுட்டேன். வேற வழி?"

ஒதிலியா கேட்க நினைத்து வைத்திருந்ததும் அதேதான். நாக்கு நுனியில் இருந்ததை வெர்னா ஒரு நாள் முந்திக் கேட்டுவிட்டாள். அதிலும் ஜெயித்துவிட்டாளே என்று இவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டாவது?"

"ரெண்டாவது..." வெண்டல் இழுத்தார். "எதிர்ல அந்த மெக்சிகோக்காரி உக்காரணுமாம். இல்லைன்னா வரமாட்டாளாம்."

ஆடு ஒன்று கத்தியது. அதை விரட்டுகிற சாக்கில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"வர்றேன். ஆனா எனக்கும் ஒண்ணு இருக்கு."

"சொல்லித் தொலை."

"ஒன்பது அவங்க நம்பர். அவங்ககிட்டக் குடுத்திடுங்க. எனக்கு வேற ஏதாவது குத்திக் குடுங்க."

"பைத்தியமா உனக்கு? பால்டிமோர்ல உன் பேரே அதுதான்!"

"அவங்க பேரு அதுக்கு முன்னாடி முப்பத்தோரு வருஷம் அதுவாத்தான் இருந்துச்சு. நான் வெச்சுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். இருபத்துநாலு காலியா இருக்கா?"

ஆகஸ்டு முதல் வாரத்தில் மறுபடியும் பத்து விரலையும் வைத்து, மூன்று நாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். விசாவில் வெண்டலின் பேர் பழையபடி அவள் பேருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அது போக இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ. ஆனால் கூடத்துக்குள் நுழைந்தபோது சன்னல் பக்கம் வெர்னா உட்கார்ந்திருந்தாள். அவளோடு உள்ளூர்ப் பெண்கள் இன்னும் மூன்று பேர். வெர்னா விரலில் பட்டைத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. முன்னால் ஒன்பதாம் எண் மூடிக்கட்டு.

வணக்கம் இல்லை, கைகுலுக்கல் இல்லை. நண்டைக் கொட்டினார்கள். இருவரும் கத்தியை எடுத்தார்கள்.

பத்தொன்பது வருஷம் சும்மா இருந்த கை. முதல் ஒரு மணி நேரம் வெர்னாவின் கத்தி தேடித் தேடிப் போயிற்று. இரண்டு கட்டிச் சதையை உடைத்துவிட்டு வாய்க்குள் என்னவோ திட்டிக்கொண்டாள். அதன்பிறகு அவள் மெல்லப் பாட ஆரம்பித்தாள். கத்தி பாட்டைப் பிடித்துக்கொண்டது. சாயோ செல்போன் பாட்டை நிறுத்தினாள்.

மதிய எடை முடிந்தது. ஒதிலியா கையைக் கழுவிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே வெர்னா கையைத் தூக்கினாள். பத்து. இன்னும் நான்கு. தாடையை ஆட்டினாள். நீ எவ்வளவு?

ஒதிலியா இருபத்துமூன்று உடைத்திருந்தாள். குறைத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காட்டினால் அதைவிடப் பெரிய அவமானம் வெர்னாவுக்கு இல்லை. பத்து, பத்து, மூன்று என்று முழுசாகக் காட்டினாள்.

வெர்னா தலையாட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்தால் கொஞ்சம்தான்.

ஒதிலியா கத்தியைத் திருப்பிப் பிடித்தாள். இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தரும் இதுவரை செய்யாத காரியம். பிடியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். பக்கத்தில் சாயோ தட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் முழுவதும் தட்டியது. எஃகு மேசை அதிர்ந்ததில் ஒன்பதாம் எண் மூடி ஒன்று உருண்டு ஒதிலியாவின் பக்கம் வந்து விழுந்தது.

அவள் அதை எடுத்துத் துடைத்து, மேசைக்கு மேல் நீட்டினாள். வெர்னா வாங்கிக்கொண்டாள்.